மறைப்புத் தட்டிக்குப் பின்னால்

பீல், சுவிஸ்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

வெள்ளிக்கிழமை இரவு ஒரு படம் பார்த்தேன். நேற்றுத் தொலைபேசியில் அதை உனக்குச் சொல்லத் தொடங்கினேன். நீ பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாய். அவன் கோப்பையைத் தட்டிவிட்டான். பேச்சு அத்தோடு அறுந்துபோனது. அதுவும் நல்லதற்குத்தான். தொலைபேசியில் சொல்லியிருந்தால், “பழைய படமாம், ஒரு கோமாளி நடித்ததாம்” என்பதோடு முடிந்திருக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே கொப்பியும் பேனையுமாகக் குசினி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா படுத்துவிட்டாள்.

மேல்மாடி அம்மாவை உனக்கு நினைவிருக்கும். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு நத்தாருக்கும் கம்பளிக் காலுறை பின்னித் தந்தவர். இப்போது அவருக்கு 84 வயது. அவரோடு வழக்கமாகப் படம் பார்க்கப் போகும் சிநேகிதிக்குச் சுகமில்லை. ஒரு டிக்கெட் மிச்சம். இருட்டில் தனியாகத் திரும்பி வரவும் அவருக்குப் பயம். “க்ரொக் படம், வருகிறீர்களா?” என்று கேட்டார். க்ரொக் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் படியிலேயே நின்றுவிட்டார். “முப்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள், க்ரொக்கைத் தெரியாதா?” அவர் கோபத்தில் கேட்கவில்லை. நம் ஊரில் வந்து ஒருவர் நல்லூர்க் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நமக்கு எப்படியிருக்குமோ, அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

அன்றிரவு அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அந்த மனிதரின் உண்மைப் பெயர் அட்ரியன் வெத்தாக். 1880ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி லொவ்ரெஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் மணிக்கூடு செய்யும் தொழிலாளி. இங்கிருந்து மலைப்பக்கம் ஏறும் சின்ன ரயில் ஒன்று உண்டல்லவா, சொன்ஸ்போவைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து தவான் பக்கம் வெளியே வருமே, அதில் போய் ரெகொன்விலியேயில் இறங்கினால் லொவ்ரெஸுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு செப்டெம்பர் திங்கட்கிழமை, கடை பூட்டும் நாள் என்பதால், பள்ளிக்கூடத்தில் விடுமுறை கேட்டு உன்னையும் தம்பியையும் குதிரைச் சந்தை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேனே, அதே ரெகொன்விலியே. சந்தையில் நீ ஒரு குதிரைக்குட்டியின் மூக்கைத் தொட்டுவிட்டு வீடு வரும்வரை கையைக் கழுவ மாட்டேன் என்று நின்றாய். உலகம் முழுவதும் கொண்டாடிய ஒரு கோமாளியின் ஊருக்குப் பக்கத்தில் அன்று நின்றுகொண்டிருந்தோம். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வாலிப வயதில் அவர் ஹங்கேரிக்குப் போய் ஒரு பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்திருக்கிறார். கயிற்றில் நடந்திருக்கிறார், குட்டிக்கரணம் போட்டிருக்கிறார், கைக்குக் கிடைத்த வாத்தியமெல்லாம் வாசித்திருக்கிறார். 1903இல் பிரிக் என்ற கோமாளியோடு சேர்ந்தார். பிரிக்கின் பழைய கூட்டாளியின் பெயர் ப்ரொக். பிரிக்கும் ப்ரொக்கும் என்று மக்களின் காதில் பதிந்துபோன ஓசையை விடக்கூடாது என்று புதிதாக வந்தவர் க்ரொக் ஆனார். பிறகு அந்தோனெ என்ற பெரிய கோமாளியோடு சேர்ந்து, சர்க்கஸ் வட்டத்தை விட்டு நாடக மேடைக்கு வந்து, லண்டனில் வருடக்கணக்காக ஆடினார். வேலை கிடைத்த இடத்தில் வேலைக்கு வசதியான பெயரை வைத்துக்கொள்வது எனக்கும் தெரிந்த கதை. என் முதல் குசினியில் என் பெயரை எவரும் முழுதாகச் சொன்னதில்லை. அங்கே கோப்பை கழுவிய தமிழர் எல்லோரும் சிவாதான். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க நான் பழகியே இருந்தேன்.

இனிப் படத்துக்கு வருகிறேன். 1931இல் வந்த படம். பெயரே ‘க்ரொக்’தான். இயக்கியவர் கார்ல் பெஸ என்ற ஜேர்மன்காரர். படங்கள் பேசத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஒரு மொழியில் எடுத்த படத்துக்கு இன்னொரு மொழியில் குரல் கொடுக்கும் முறை அப்போது சரியாகக் கைகூடவில்லை. ஆகவே ஜேர்மனில் ஒன்றும் பிரெஞ்சில் ஒன்றுமாக அதைத் தனித்தனியே எடுத்திருக்கிறார்கள். அதே வருடம்தான் நம்மவர்களின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ சென்னையில் வெளிவந்தது. அதே வருடம்தான் சார்லி சாப்ளின், பேச்சு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று ‘சிட்டி லைட்ஸ்’ படத்தைத் தந்தார். சாப்ளினுக்குப் பேச்சு இடைஞ்சல். க்ரொக்குக்கோ பேச்சும் சத்தமும் இல்லாவிட்டால் பாதி ஆள்தான். 1926இல் ஒரு பேசாத படத்தில் அவர் நடித்திருக்கிறார். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் பியானோ கேட்காமல், வயலின் கேட்காமல், அந்தக் குரல் கேட்காமல் அவரை எப்படிக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கவே கவலையாக இருக்கிறது.

படத்துக்கென்று கதை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை; எனக்கே மனதில் தங்கவில்லை. மேல்மாடி அம்மா கதை நடக்கும்போது கைப்பையில் இனிப்புத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் படம் இன்றைக்கும் பெறுமதியாக இருப்பதற்குக் காரணம் வேறு. க்ரொக் மேடையில் வருடக்கணக்காக ஆடி ஆடித் தேய்த்து மெருகேற்றிய ஆட்டத்தை அதற்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். கேமரா பெரும்பாலும் மேடைக்கு எதிரே பேசாமல் நிற்கிறது. அதைவிட அது செய்யக்கூடிய நல்ல காரியம் இல்லை. இல்லாவிட்டால் 1931ஆம் ஆண்டு 51 வயதில் அந்த மனிதர் எப்படி நடந்தார், எப்படி உட்கார்ந்தார், எவ்வளவு நேரம் காத்திருந்து ஒரு சொல்லைச் சொன்னார் என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? நம் ஊரில் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தோம். பபூன் வந்தால் நித்திரையில் இருந்த பிள்ளைகளை எழுப்பி உட்காரவைப்பார்கள். அந்தப் பபூன்களின் ஒரு நிமிட ஆட்டம்கூட இன்று பார்க்கக் கிடைக்காது. அதை நினைத்தபோது, இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அவர் மேடைக்கு வருகிறார். மொட்டைத் தலை. வாயைச் சுற்றி வெள்ளைப் பூச்சு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய உடுப்பு, நீண்ட சப்பாத்து, கையில் வெள்ளை உறை. அவர் கொண்டுவருகிற பெட்டிக்குள் ஒரு ஆளையே படுக்கவைக்கலாம். அதைத் திறந்து குனிந்து தேடி எடுக்கிறார்: உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு வயலின். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது சரியான வயலின், சரியான பெட்டி.

மேடையில் அவரோடு ஒரு கூட்டாளி உண்டு. மக்ஸ் வான் எம்டன் என்று பெயர். வயலின் வாசிக்கும் மிடுக்கான மனிதர். கோட்டும் சூட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கும். எல்லாம் தெரிந்தவர். எது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று க்ரொக்குக்குச் சொல்பவர். க்ரொக் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: “வரூம்?” ஏன்? குழந்தை கேட்கிற மாதிரியான ஏன். குதர்க்கம் துளியும் இல்லை. பதில் விளங்கியதும், விளங்கிய அதிசயத்தில், “நிட் மோ…ஓ…ஓக்லிஹ்!” என்பார். ‘இருக்கவே முடியாது’ என்று அர்த்தம். அந்த ‘ஓ’ எங்கேயோ ஆழத்திலிருந்து புறப்பட்டு நீண்டு நீண்டு வருகிறது. மேல்மாடி அம்மா பக்கத்தில் இருந்து கூடவே மெதுவாகச் சொன்னார். அவருடைய தகப்பன் சாப்பாட்டு மேசையில் சூப் மிகவும் சூடாக இருந்தால் இதைத்தான் சொல்வாராம்.

இந்த ‘நிட்’ என்ற சொல்லை நீ கவனிக்க வேண்டும். ‘இல்லை’ என்பதற்கு எனக்கு ஜேர்மன் வகுப்பில் ‘நிஹ்ட்’ என்று சொல்லித் தந்தார்கள். அடுத்த நாள் குசினிக்குப் போனால் தலைமைச் சமையல்காரர் முதற்கொண்டு எல்லோரும் வேறொன்று பேசுவார்கள். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது தமிழனுக்குப் புதிதில்லைதான். ஆனாலும் அந்த முதல் இரண்டு வருடம் நான் இரண்டு மொழியையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டிலும் இல்லாத ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தேன். பெர்லின் மேடையில் ஏறி அந்தப் பெருநகரத்து மக்கள் முன்னால் ஒரு மனிதர் ‘நிட்’ என்று தன் ஊர்ப் பேச்சில் சொல்கிறார், அரங்கம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானும் சொல்கிறது என்பதை அறிந்தபோது, எனக்கு இனம்புரியாத ஒரு சந்தோசம் வந்தது.

பியானோவுக்கும் முக்காலிக்கும் நடுவே இடைவெளி அதிகம். க்ரொக் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்க்கிறார். எட்டவில்லை. எழுந்து போய், முழு உடம்பையும் சாய்த்து, கால் வழுக்க வழுக்கப் பியானோவை முக்காலியை நோக்கித் தள்ளுகிறார். முக்காலியை நகர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு உட்கார்ந்து கையுறையோடு வாசிக்கத் தொடங்குகிறார். ஏன் சரியாக வரவில்லை என்று விரல்களைப் பார்க்கிறார். உறையைக் கழற்றிய பின்பு வருகிற வாசிப்பு இருக்கிறதே மகளே, அது சும்மா கோமாளி வாசிப்பில்லை. உண்மையான சங்கீதம். அப்போதுதான் இந்த மனிதர் ஒவ்வொரு பிழையையும் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டுச் செய்கிறார் என்பது எனக்கு உறைத்தது. சரியாகச் செய்யத் தெரியாதவனால் இப்படிப் பிழைவிட முடியாது.

கதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதிரையில் ஏறி நிற்கிறார், இருக்கை உடைந்து கால் உள்ளே போய்விடுகிறது. நாமாக இருந்தால் விழுந்திருப்போம். அவர் அப்படியே எம்பி, நொடியில், கதிரையின் பின்சட்டத்தின் மேலே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கையில் கொன்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம். ஒரு விரல் அகலச் சட்டத்தின் மேல், பெரிய சோபாவில் இருப்பவர்போல் இருந்துகொண்டு வாசிக்கிறார். எப்படி ஏறினார் என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் “ஆ!” என்று வாய்விட்டுச் சொன்னான். அரங்கில் எங்களோடு இருபது பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரம் நிறைந்த சபை போலத்தான் இருந்தது.

நான் உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை, இனிச் சொல்லப்போவதுதான்.

வயலின் வாசிக்கும் முன் க்ரொக் வில்லை மேலே சுழற்றி எறிந்து பிடிக்க வேண்டும். அவர் எறிகிறார். பிடிக்க முடியவில்லை. மறுபடியும் எறிகிறார். மறுபடியும் தவறுகிறது. சபையைப் பார்க்கிறார், கூச்சம். மேடையில் ஒரு மறைப்புத் தட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் போய்விடுகிறார். அவர் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டிக்கு மேலே வில் மட்டும் தெரிகிறது: சுழன்று எழும்புகிறது, இறங்குகிறது, மறுபடியும் எழும்புகிறது. உள்ளே இருந்து அது பிடிபடுகிறது என்று விளங்குகிறது. நன்றாகப் பழகிவிட்டார். முகம் மலர வெளியே வருகிறார். எறிகிறார். தவறுகிறது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கண் நிறைந்துவிட்டது. மேல்மாடி அம்மா கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு. பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நான் ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன். வேலையிடத்தில் கோப்பை கழுவும் இயந்திரம் இருந்த பின் அறையில், அது ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தட்டு வரிசைக்கு ஒரு தடவை. எங்கள் குசினியில் இருந்த போர்த்துக்கேயப் பெடியன் ஒருவன் வினைச்சொல் கடைசியில் வர வேண்டும் என்று திருத்தினான். வியாழக்கிழமைக்குள் அந்த வசனம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கைகளில் சவர்க்கார நுரையோடு நான் அதைத் தடங்கலில்லாமல் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில், உன் ஆசிரியையின் எதிரே, உங்களுக்கென்று செய்த அந்தச் சின்னக் கதிரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்தேன். முதல் இரண்டு சொல் வந்தது. மிச்சம் வரவில்லை. ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நீ என் கையைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்து நல்ல ஜேர்மனில் சொன்னாய்: “அப்பா உங்களுக்கு நன்றி சொல்ல விரும்புகிறார்.” அவர் சிரித்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அதோடு முடிந்தது. பஸ்ஸில் வரும்போது நீ கண்ணாடிப் பக்கம் திரும்பியே இருந்தாய். எனக்காக வெட்கப்பட்டாயா, என்மேல் இரக்கப்பட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை எது பட்டிருந்தாலும் அது பிள்ளையின் குற்றமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது நன்றி இல்லை, மகளே.

அதைச் சொல்ல முன், படத்தில் அந்த வில் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து, அவர் அதை மறந்தே போய்விட்டார். வேறு வேலையில் இருக்கிறார், வாசிக்கத் தயாராகிறார். கை தன்பாட்டில் வில்லை மேலே எறிகிறது, சுழன்று இறங்குகிறது, பிடிக்கிறது. அவர் கவனிக்காமலே வாசிக்கத் தொடங்குகிறார். சில நொடி கழித்துத்தான் உறைக்கிறது. வாசிப்பு நிற்கிறது. கையிலுள்ள வில்லைப் பார்க்கிறார். அந்த முகத்தை நான் எப்படி உனக்கு எழுதிக் காட்டுவேன்? ஒரு கிழட்டு முகத்தில் பிறந்தநாள் காலைப் பிள்ளையின் முகம் வருகிறது.

எனக்கும் அப்படி ஒரு இரவு வந்தது. நீ சூரிச்சில் படித்துக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அந்த மாசி மாத இரவு. தம்பி நல்ல நித்திரை. நான் அம்புலன்சுக்கு, 144க்கு அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் கேட்கக் கேட்கச் சொன்னேன்: தெரு, வீட்டு இலக்கம், மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, வியர்க்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்கிறாள், மாத்திரை ஒன்றும் எடுப்பதில்லை, கீழ்க்கதவைத் திறந்துவைக்கிறேன். அவர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டதற்கும் சொன்னேன். அம்மாவுக்கு ஆபத்தில்லை என்று அவர் சொல்லும்போது மணி நான்கு. நடைகூடத்தில் கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் காசைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இவ்வளவு நேரமும் நான் ஜேர்மன் பேசியிருக்கிறேன். யோசிக்காமல், மொழிபெயர்க்காமல், நீ பக்கத்தில் இல்லாமல். கையில் ஒரு பிராங்க் நாணயத்தை வைத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் முன் நின்றேன். சந்தோசம் பொங்கிவந்தது. மனைவி கட்டிலில் கிடக்கும்போது இப்படிச் சந்தோசப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட இல்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

படம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மேல்மாடி அம்மா இன்னொன்று சொன்னார். அதை உனக்கு மறைப்பது நேர்மையாகாது. நாசிகள் ஆட்சிக்கு வந்த பின்பும் க்ரொக் ஜேர்மனியில் மேடை ஏறியிருக்கிறார். ஹிட்லரே அவருடைய ஆட்டத்தை ரசித்தவன் என்று எழுதியிருக்கிறார்கள். “அவர் ஒன்றும் தெரியாதவர் போல் இருந்துவிட்டார்,” என்றார் மேல்மாடி அம்மா. எனக்கு இது இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. யாருக்கு அந்த அரங்குகளில் உட்கார இடமில்லை என்று துரத்தினார்களோ, அவர்கள் பக்கம்தான் என் மனம் போகும். ஊரை விட்டுத் துரத்தப்பட்டு வந்தவன் நான். மேடையில் ‘ஏன்’ என்று அவ்வளவு அழகாகக் கேட்கத் தெரிந்த மனிதர், மேடைக்கு வெளியே அதை உரத்துக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வில்லின் ஆட்டம் அதனால் பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

யுத்தத்துக்குப் பிறகு, 1951இல், சொந்தமாக ஒரு சர்க்கஸ் தொடங்கினார். 1954 ஒக்டோபரில் கடைசி ஆட்டம். அது எங்கே நடந்தது தெரியுமா? நீ இருக்கும் ஹம்பேர்க்கில்தான். 74 வயதில் அங்கே சபையைக் கும்பிட்டுவிட்டு மேடையை விட்டுப் போயிருக்கிறார். 1959 ஜூலை 14ஆம் திகதி, இத்தாலியில் இம்பேரியா என்ற கடற்கரை ஊரில் தான் கட்டிய பெரிய வீட்டில் இறந்தார். அந்த வீடு இப்போதும் இருக்கிறதாம், பார்க்கப் போகலாமாம். லொவ்ரெஸில் பிறந்து ஹம்பேர்க்கில் முடித்துக்கொண்டவர். நமக்கும் நடுவில் இருப்பது அதே பாதைதான்; நான் இந்த முனை, நீ அந்த முனை.

இனி அந்த வசனம். அதை நான் மறக்கவில்லை. கோப்பை கழுவும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நூறு தடவை சொன்னதை எப்படி மறப்பேன்? உன் வகுப்பறிக்கையில், நீ வகுப்பில் வாய் திறப்பதில்லை, விளங்குகிறதா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தது. நான் ஆசிரியையிடம் சொல்லப் போனது இதுதான்: “என் மகள் பேசாமல் இருந்தால் அவளுக்கு விளங்கவில்லை என்று நினைக்க வேண்டாம், வீட்டில் அவள் எங்கள் எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்துகிறாள்.”

இருபது வருடம் பிந்திவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

மேல்மாடி அம்மாவிடம் படத்தின் டிவிடி ஒன்று இருக்கிறது. நீ வரும்போது இரவலாகத் தருவார். ஜூலையில் வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, பிறகு விலை ஏறிவிடும். பேரனுக்குத் தமிழும் வேண்டாம் ஜேர்மனும் வேண்டாம், பியானோ தள்ளும் இடத்தில் அவன் தானாகச் சிரிப்பான். அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் அவனையும் கூட்டிக்கொண்டு ரெகொன்விலியே வரை ரயிலில் போவோம். அங்கிருந்து லொவ்ரெஸுக்கு நடக்கலாம், அவனுக்குக் கால் நொந்தால் நான் தூக்குவேன். அம்மா மோர்மிளகாய் காயவைத்திருக்கிறாள், வரும்போது வெறும் பெட்டி ஒன்று கொண்டுவரச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா